நாலு வருடப் பழசு

“யாரும்மா உன் கையைப் பிடிச்சு முறுக்கினது?”

கேட்டுவிட்டுப் பட்டையக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். கதவு சாத்தித்தான் இருந்தது. “சீட்டுல சீல் இல்லை, மாடிக்குப் போய் வாங்கிட்டு வாங்க” என்று அந்தப் பெண்ணின் புருஷனை அவள்தான் கிளப்பிவிட்டிருந்தாள். சீல் இருக்கத்தான் செய்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் விழித்தாள். “யாரும் முறுக்கலையேக்கா.”

பட்டையக்கா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. கையில் அடிபட்டவர்களுக்கு, பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, கையின் மேலேயே அழுத்திப் பதித்து, அளவாகப் பட்டை செய்து மாட்டிவிடுகிற வேலை. பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நோயாளியின் கோப்பெல்லாம் மாடியில் டாக்டரிடமே இருக்கும். கீழே இவளுக்கு வருவது ஒரு துண்டுச் சீட்டு. இன்றைய சீட்டில், ‘இடது மணிக்கட்டு. சுண்டு விரல் பக்கம் ஜவ்வு கிழிசல். நாலு வருடப் பழசு. முழங்கை தாண்டிப் பட்டை, ஆறு வாரம்’ என்று இருந்தது.

இருபது வருஷமாக மணிக்கட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். விழுந்து கையை ஊன்றினால் கிழிவது ஒரு தினுசு, பிடித்துத் திருகினால் கிழிவது இன்னொரு தினுசு. கட்டைவிரலை வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ‘டொக்’கென்று ஒரு எலும்பு வழுக்கியது.

“குழாயைத் திருகினா, பாட்டில் மூடி திறந்தா, இந்த இடத்துலதானே உயிர் போகுது?”

“ஆமாக்கா. எட்டு மாசமா.”

“கிழிஞ்சு நாலு வருஷம்னு எழுதியிருக்காரே டாக்டர்!”

“எட்டு மாசத்துக்கு முன்னாடி வலியே தெரியலை. மரத்துப் போயிருந்துச்சு.”

“கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“நாலு.”

அடி வாங்கி வாங்கி மரத்துப்போன பெண்களைப் பட்டையக்கா பார்த்திருக்கிறாள்.

“வலிக்குதுன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?”

பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. “சொன்னதும் துள்ளிக் குதிச்சார்க்கா! நிஜமாவான்னு கேட்டு, ஊசி எடுத்து ஒவ்வொரு விரலாக் குத்திப் பார்த்தார். நான் ‘ஸ்ஸ்’னு இழுத்துக்கிட்டேனா, அவருக்குச் சந்தோஷத்துல கண்ணுல தண்ணியே வந்துருச்சு.”

“உனக்குப் பொறந்த வீட்டுல கேக்க நாதியில்லையா?”

“அண்ணன் இருக்கான். விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே ஸ்வீட் டப்பாவோட வந்து நின்னான்.”

பட்டையக்கா வேலையில் இறங்கினாள். வலிக்கிற கையை அலைக்கழிக்கக் கூடாது. நல்ல கையைத் தாளில் வரைந்து வெட்டி, தாளைப் புரட்டி மற்றதற்கு வைத்துக்கொள்வதுதான் தொழில் வழக்கம். வலது கையை வரைந்தாள், வெட்டினாள், புரட்டி இடது கை மேல் வைத்தாள்.

விரல்கள் தாளுக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு நாளும் தப்பியதில்லை. மறுபடி வரைந்தாள். மறுபடியும் தாள் போதவில்லை.

கதவு திறந்தது. “சீல் இருக்குதாமே மேடம்? மேல எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றபடி புருஷன் வந்தான்.

மேஜை மேலிருந்த இடது கை சட்டென்று முஷ்டியாக மடங்கி, வழுக்கிக்கொண்டு மடிக்குள் போய் ஒளிந்தது. பட்டையக்கா பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். முகம் புருஷனைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“பட்டை போடுறப்ப ஆம்பளைங்க உள்ள இருக்கக் கூடாது.”

“எந்த ஊர்ச் சட்டம்ங்க இது?”

“இந்த ரூம் சட்டம். கிளம்புங்க.”

கதவைத் தாழிட்டு வந்தாள். “ஏன் கையை ஒளிச்சுக்கிட்டே?”

“நான் ஒளிக்கலைக்கா. இது அப்படித்தான், ஆம்பளைக் குரல் கேட்டாலே தானா மடங்கிக்கும். தூக்கத்துலகூட.”

அதற்கு மேல் பட்டையக்காவால் தாளவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். “பயப்படாதே கண்ணு. பின்பக்கம் ஒரு வழி இருக்கு. என் வீட்டுல நான் ஒருத்திதான். இன்னைக்கு உன்னை அந்த ஆளோட அனுப்புறதா இல்லை. போலீசுக்கு நான் பேசிக்கறேன்.”

“ஐயோ, அவர் என்னக்கா பண்ணினார்?” என்று பெண் பதறினாள். ஆனால் முஷ்டி மெதுவாக விரிந்தது. நீண்ட விரல்கள் பட்டையக்காவின் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. விடவில்லை.

“வாய் மறைச்சா என்ன, உடம்பு மறைக்குமா? முழங்கைக்கு மேலயும் பட்டை வரணும். சட்டைக் கையை ஏத்து, பார்ப்போம்.” அங்கே என்னென்ன காயங்கள் இருக்குமோ என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள்.

பெண் சட்டைக் கையை ஏற்றினாள். முழங்கைக்கு மேலே, கையைச் சுற்றி, வளையம் போட்டாற்போல் ஒரே ஒரு தையல் தழும்பு. அதற்கு மேலே தோல் ஒரு நிறம், கீழே லேசாக வேறு நிறம்.

“மாடியில சொல்லலையாக்கா? என் கை மெஷின்ல போயிருச்சு. இது வேற யாரோ ஒரு அம்மாவோடது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க செத்த அன்னைக்கு எனக்கு வெச்சுத் தைச்சாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி இதை முறுக்கினது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”