பேட்டரி கைவிரித்த மாலை

ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டுக்குள் இன்ஜினும் டைனமோவும் பேட்டரியும் குடியிருந்தன. கார் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் நடுங்கும், விளக்குகள் மங்கும்.

"எல்லாம் இந்தப் பேட்டரியால்தான். கிழடு தட்டிவிட்டது" என்று டைனமோ பழி போடும். இன்ஜினும் ஆமாம் போடும்.

டைனமோவைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்து, அது போதிய மின்சாரம் தராதது பேட்டரிக்குத் தெரியும். அதைச் சொன்னால் இரண்டும் சிரிக்கும். எனவே குறைகிற மின்சாரத்தைத் தன் சேமிப்பிலிருந்தே கொடுத்துச் சமாளித்து வந்தது.

ஒரு மாலை, கார் ஓட்டிக்கொண்டிருந்த ரெஜினா, "நாளைக்கே இந்தப் பேட்டரியைத் தூக்கிப் போட்டுடணும்" என்று அலுத்துக்கொண்டாள்.

"ஒழிந்தது!" என்றது டைனமோ.

பேட்டரிக்குச் சுருக்கென்றது. "இத்தனை நாள் உன் மானத்தைக் காப்பாற்றினேன். இனி ஒரு சொட்டும் தரமாட்டேன்."

"நடுரோட்டில் நின்றுவிடுவோமே!" என்று இன்ஜின் அலறியது.

"நிற்கட்டும். நின்றால்தான் திறந்து பார்ப்பார்கள்."

அடுத்த சிக்னலில் விளக்குகள் அணைந்தன. இன்ஜின் இருமிவிட்டு ஓய்ந்தது. பின்னால் ஹாரன்கள் கத்த, ரெஜினா இறங்கி பானெட்டைத் திறந்தாள். விரல் பட்டதும் பெல்ட் தொளதொளவென்று ஆடியது. அங்கேயே ஸ்பேனரால் இறுக்கினாள். நாலு பேர் தள்ளிவிட, கார் கிளம்பியது.

"இப்படி மானத்தை வாங்கிவிட்டாயே!" என்று டைனமோ முனகியது.

"வாங்கினேன்தான்" என்றது பேட்டரி. "இப்போது எனக்குச் சேர வேண்டியதைக் கொடு."

டைனமோ முழு வேகத்தில் சுழன்று மின்சாரத்தைக் கொடுத்தது.