அழுத பிள்ளை

விடிந்ததும் விடியாததுமாக பத்மா மாடிப்படி ஏறி வந்தபோது, எதிர்வீட்டு சபீனா கதவைத் திறந்தாள்.

“இன்னாக்கா உங்க ஊட்ல? ராவெல்லாம் புள்ள கத்திகினே இருந்துச்சு. பெல் அடிச்சேன், கதவத் தட்டினேன். அண்ணன் தொறக்கவே இல்ல.”

பத்மா கைப்பையில் சாவியைத் தேடினாள்.

பிரசவ விடுப்பு முடிந்து, அம்பத்தூர் மருத்துவமனையில் அவளுக்கு முதல் நைட் டூட்டி. இது சரிப்பட்டு வராவிட்டால் நர்ஸ் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் புருஷன் கஜபதியை விட்டால் வேறு ஆளில்லை.

கஜபதியோ மார்தட்டி ஒப்புக்கொண்டிருந்தான். தொழிற்சாலையின் இன்ஜின் சோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவன். இரும்பையே உறுமவைத்து அடக்குகிறவனுக்கு ஒரு கைக்குழந்தை எம்மாத்திரம்?

பிள்ளைத் தூக்கம் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, கோவில்பதாகை டீக்கடையில் உரையாற்றவும் செய்தான். அழவிட்டால் பிள்ளை தானாகவே தூங்கப் பழகுமாம். அமெரிக்காக்காரன் அப்படித்தான் வளர்கிறானாம். வளர்ந்த பிறகு அவன் எப்படித் தூங்குகிறான் என்று வீடியோவில் இல்லை போலும். குறுக்குக் கேள்வி எதையும் கஜபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய பேச்சாளர்கள் அப்படித்தான்.

இத்தனை மாதமும் ராத்திரிப் பாலுக்கு எழுந்தவள் பத்மாதான். பக்கத்தில் படுத்திருப்பவன் புரண்டுகூடப் படுக்கமாட்டான். ஆம்பளைத் தூக்கம், எல்லா வீட்டிலும் உள்ள வியாதிதானே என்று விட்டுவிட்டாள்.

சாவி போட்டுக் கதவைத் திறந்தாள்.

கஜபதி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றிருந்தான்.

அவள் நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பிழிந்து வைத்துவிட்டுப் போன பால் பாட்டில்கள் வைத்தது வைத்தபடி இருந்தன.

“ஏன் பால் குடுக்கல?” திரும்பி, அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“இன்னாமே, அழுத புள்ளதான் பால் குடிக்கும். இவன் அழவே இல்ல. கம்முனு தூங்கினான். நீதான் சும்மா சும்மா எழுப்பி அவனக் கெடுத்து வெச்சிகீற.”

கூசாமல் சொன்னான்.

பச்சைப் பிள்ளையை ராவெல்லாம் கதறவிட்டு, வீடியோவைச் சோதித்துப் பார்த்திருக்கிறான். அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று பத்மாவுக்குக் கை பரபரத்தது.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், தூளியில், பிள்ளை விழித்துக்கொண்டது. பசியில் வீல் என்று கத்தியது. கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு மறுபடி திறந்தது.

கஜபதி திரும்பவில்லை.

வழக்கம்போல அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அது அசையவில்லை என்றதும் வெற்றிச் சிரிப்புச் சிரித்தான்.

“பாத்தியா? இன்னும் எப்டி தூங்கறான் பாரு.”