இடப்பக்கம் மட்டும்

நீடித்து உழைக்குமா என்று பார்க்க, நான் வடிவமைத்த கேம் ஜாய்ஸ்டிக்கை வீட்டில் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால், குச்சியைத் தள்ளுவதை எண்ணும் உள் கவுன்ட்டர் ஒன்பதாயிரம் காட்டியது. தேய்மானம் இடப்பக்கம் மட்டும். ஒரு கேம்கூட ஓடியிருக்கவில்லை.

"நான் தொடவே இல்லை," என்றாள் மனைவி.

மிச்சம் மாமனார். கேம் என்றாலே முகம் சுளிப்பவர். என்னைப் பார்த்ததும் வலது கையைப் பேன்ட் பைக்குள் ஒளித்தார்.

"போட்டிக் கம்பெனிக்காரன் யாராவது வந்தானா, மாமா?"

தன் மகள் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"கட்டைவிரல் மடங்கினா விரியமாட்டேங்குது, மாப்பிள்ளை. தெரிஞ்சா அவ ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிடுவா. உங்க குச்சி, விரல் மடங்குற இடப்பக்கமா எத்தனை தடவை தள்ளினாலும் பழைய இடத்துக்கே வந்துடுது. விரலும் அதைப் பார்த்துக் கத்துக்கட்டுமேன்னுதான்."