நூற்றியெண்பது ஹெர்ட்ஸ்

பழவேற்காடு ஏரிக்கரையில் நண்டு பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அன்று அதன் அவசரக் கூட்டம்.

கொஞ்ச நாளாகவே படகுத்துறைக் கொட்டகையிலிருந்து நண்டுக் கூடைகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கொடுக்கைக் கட்டிக் கூடையில் போட்ட நண்டு தானாக எழுந்து போக வழியில்லை. காவலுக்கு ஆள் போட்டும் பயனில்லை. காவல்காரர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கூடை குறைந்திருக்கும்.

முதலில் பறிகொடுத்தவர் சங்கப் பொருளாளர் தருமலிங்கம். கொட்டகை வாசலில் மண்ணில் உட்கார்ந்து அவர் அழுததைப் பார்த்த பிறகுதான், கேமரா வைத்தே தீருவது என்று தலைவி காசியம்மாள் முடிவெடுத்தார்.

"கேமராவும் வாங்கணும், அத்தப் பாக்கறதுக்கு ஒரு டிவியும் வாங்கணும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கூட்டத்தில் கேட்டார்.

எல்லோரும் மனோஜைப் பார்த்தார்கள். மீஞ்சூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன். அந்தக் கம்ப்யூட்டரில் அவன் துப்பாக்கிச் சண்டை விளையாடுவதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை என்பது ஊருக்குத் தெரியாது.

மனோஜின் துயரமே வேறு. அவனுடைய பழைய மானிட்டர் நொடிக்கு அறுபது முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். எதிரி திரையில் தெரிவதற்குள் மனோஜ் செத்துக் கிடப்பான். குறைந்த விலையில் எது நல்ல கேமிங் மானிட்டர், எதில் ஓடும் ஆளுக்குப் பின்னால் நிழல் இழுக்கும், எதில் இழுக்காது என்று மாதக்கணக்கில் வீடியோ பார்த்து ஒன்றைத் தேர்ந்தும் வைத்திருந்தான். வாங்கத்தான் வழியில்லை.

இப்போது வழி பிறந்துவிட்டது.

"டிவியெல்லாம் சரிப்படாதுக்கா. மானிட்டர்தான் வேணும். அதுவும் நூத்தியெண்பது ஹெர்ட்ஸ்."

"அப்டின்னா இன்னாடா?"

"ஒரு செகண்டுக்கு நூத்தியெண்பது வாட்டி படம் மாறும். சாதா டிவியில அறுபதுதான். திருடன் ஓடறான்னு வெச்சுக்க. ரெண்டு படத்துக்கு நடுவுல பூந்து போயிட்டான்னா இன்னா பண்ணுவ?"

கூட்டம் திடுக்கிட்டது. படங்களுக்கு நடுவே இப்படியொரு சந்து இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

பின்வரிசையிலிருந்து தங்கவேல் எழுந்தார். "எங்க வூட்ல பழைய டிவி ஒண்ணு சும்மாதான் கீது. அத்த வெச்சுக்கலாம். சங்கத்துப் பணத்த ஏன் கரியாக்கணும்?"

"படம் தெளிவா தெரிஞ்சா உனக்கு இன்னா கஷ்டம் தங்கவேலு?" என்றார் காசியம்மாள்.

எல்லோரும் தங்கவேலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் தருமலிங்கம் மனோஜைத் தனியே அழைத்துப் போனார். கையில் போன் இருந்தது.

"நானும் தேடிப் பாத்தேன்பா. நூத்தியெண்பது ஹெர்ட்ஸெல்லாம் கேம் ஆடறவங்க வாங்கறதாமே?"

மனோஜ் சமாளித்தான். "அது... அவங்களும் வாங்குவாங்கண்ணா."

தருமலிங்கம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை நீட்டினார்.

"நீ சொன்னது இருபத்திநாலு இன்ச்சு. இங்க பாரு, இருபத்தியேழு. ஐபிஎஸ் பேனலாம். ரெஸ்பான்ஸ் டைம் ஒரு மில்லிசெகண்டுனு போட்டுக்கீறான். இது இன்னும் நல்லதா?"

மனோஜுக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. "ரொம்ப நல்லதுண்ணா! ஆனா வெல கூட. கேமராவுக்குப் பணம் மிஞ்சாது."

"கேமரா கெடக்குது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். பாக்கறதுக்கு ஒண்ணு இல்லாம கேமரா எத்த எடுத்து யாருக்குக் காட்டும்?"

வீட்டுக்கு நடக்கும்போது மனோஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதி வழியில் பாவமாகவும் இருந்தது. நண்டைப் பறிகொடுத்து அழுத மனிதரையே ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு உறுத்தியது. ஆனால் இருபத்தியேழு இன்ச்சு.

மானிட்டர் வந்தது. காசியம்மாள் அதற்குச் சூடம் காட்டினார். "கேமரா வர்ற வரைக்கும் இத்த சும்மா போட்டு வெச்சா கெட்டுப்போயிடும், தெனமும் நானே ஓட்டிப் பாக்கறேன்" என்று மனோஜ் தன் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து சங்கத்திலேயே இணைத்தான். மறுநாள் மத்தியானம் வெள்ளோட்டம். ஒரு வீடு விடாமல் தருமலிங்கமே போய் அழைத்திருந்தார்.

சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. கொட்டகைக் காவல்காரர்கூட ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றார்.

"இவன்தான் திருடன்னு வெச்சுக்குங்க" என்று மனோஜ் ஆட்டத்தைத் தொடங்கினான். சுவருக்குப் பின்னாலிருந்து தலை நீட்டிய ஒருவனைச் சுட்டான். கூட்டம் ஆரவாரம் செய்தது. அடுத்து ஒருவன் மாடியிலிருந்து குதித்தான்; காற்றிலேயே விழுந்தான்.

தங்கவேல் கோபத்தையெல்லாம் மறந்து முன்வரிசைக்கே வந்துவிட்டார். "பின்னாடி ஒருத்தன் வரான் பாரு! வுடாத! சுடு!"

மனோஜ் வாழ்க்கையில் அப்படி ஆடியதில்லை. ஒருவனும் தப்பவில்லை.

காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே நம்ம நண்டுமேல எவனாவது கைய வெச்சுடுவானா? தருமலிங்கம் எங்க? அந்த மனுசன் பாக்க வேணாமா இத்த?"

ஆளே இல்லாத படகுத்துறையில் தருமலிங்கம் கொட்டகையின் கடைசி நண்டுக் கூடையையும் மினி வேனில் ஏற்றிவிட்டு, அவசரமே இல்லாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.