மனதில் பட்டதை எழுதுக

கல்லூரி எழுத்துப் பயிற்சி வகுப்பு. 'இந்த வகுப்பைப் பற்றி மனதில் பட்டதை எழுதுங்கள், பெயர் வேண்டாம்' என்று வாங்கிய தாள்களுக்கு நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் பேராசிரியை உரக்க வாசித்தார்.

"இந்த வகுப்புன்னாலே வயித்தைக் கலக்குது. ஒரு வரி எழுதுறதுக்குள்ள மேடம் தப்பு தேட ஆரம்பிச்சிடுறாங்க."

கடைசி பெஞ்சுக்காரிக்குக் குப்பென்று வியர்த்தது. நேற்று கேன்டீனில் தோழியிடம் அவள் புலம்பியது, அச்சுப் பிசகாமல்! பாவி, எழுதியே கொடுத்துவிட்டாளா?

"எந்திரிம்மா. இது உன் பேச்சுதானே?"

"சத்தியமா நான் எழுதல மேடம்!"

"தெரியும். நான்தான் எழுதினேன். நேத்து உன் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்துதான் டீ குடிச்சேன்."

பேராசிரியை மேசையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"நீ பேசினதுக்கு நூத்துக்கு நூறு." அவள் கையெழுத்தில் இருந்த இன்னொரு தாளை நீட்டினார். 'அருமையான வகுப்பு, அன்பான ஆசிரியை.'

"இந்தப் புளுகுக்கு முட்டை!"