பர்மிட் ஒத்திகை

என் இரண்டு கண்கள் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. வருஷம் எண்பத்தொன்பது. பெருமாநல்லூர் பனியன் கம்பெனியின் கட்டிங் மேசைமேல் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. மேசைக்குப் பின்னால் வியாபாரி மீரா சாகிப், பூட்டான் எல்லை அதிகாரியாக விறைத்து உட்கார்ந்திருக்கிறார். சரக்கு விற்க அங்கே போய் வந்தவர். நாளைக்கு எங்களுக்கு ரயில். கேட்கும் கேள்விக்குத் திக்கினால் பர்மிட் தராமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று என் மனைவி முத்தாத்தாளுக்கு ஒரே நடுக்கம். அதற்காகத்தான் சாகிப் தன் வேலையைப் போட்டுவிட்டு இந்த ஒத்திகை நடத்துகிறார்.

"எதுக்குங்க அம்மிணி வர்றீங்க?"

"பனியைத் தொட்டுப் பார்க்கோணுங்க, சாமி."

"அங்கயே தங்கீட்டீங்கன்னா?"

"அப்புறம் எருமையை ஆருங்க கறக்கறது? எட்டு நாளைக்குத்தான் பக்கத்தூட்டுல சொல்லி வெச்சிருக்கறனுங்க."

தையல் மிஷின்கள் நின்று, பெண்கள் சிரிக்கிறார்கள். சாகிப் சிரிக்காமல் கம்பெனி முத்திரையை ஊதி, ஒரு காகிதத்தில் ஓங்கிக் குத்துகிறார். அந்த நொடியில் அயர்ன் மேசையின் ஆவி மலையாக எழுகிறது. அதற்குள்ளிருந்து பனிமலைச் சடை எருமையான கவரிமா ஒன்று தலையை நீட்டி, ஒரு பனியனை முகர்ந்து பார்த்து, அளவு பத்தாது என்று திரும்பிப் போகிறது. மேசை விளிம்பில் படிந்த பனியை முத்தாத்தாள் ஒற்றை விரலால் தொடுகிறாள். விரல் நடுங்கவில்லை. "நல்லா இருப்பீங்க பாய்" என்று கும்பிடுகிறாள். நானும் கும்பிடுகிறேன். இந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

எனக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.