அருவியைப் போட்டது யார்?

"போன வாரமும் இதைத்தானே எடுத்துக் களஞ்சேன், சாரே!"

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிரதீஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். திரை முழுக்க அருவி கொட்டிக்கொண்டிருந்தது. படம்தான், ஆனால் ஓடுகிற படம். தண்ணீர் விழுந்தது, நுரை பறந்தது, குறுக்கே ஒரு கொக்குகூடப் போய்க்கொண்டிருந்தது.

"நீ எடுத்தே. ரெண்டே நாள்ல திரும்பி வந்துடுத்து. நான் ஒரு எழுத்து அடிச்சா, அது காப்பி குடிச்சுட்டு வந்து நிக்கறது, கேட்டியா!" என்றார் நாகேஸ்வரன்.

நாகேஸ்வரன் சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்றவர். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரைத் தட்டச்சு செய்யும் பொறுப்பைத் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அன்றைக்குப் புதன்.

பிரதீஷ் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான். ஒரு கட்டம் திறந்தது. அதில் ஒரு பச்சைக் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

"பாருங்க, ப்ராசஸர் நூறு சதமானம்! நீங்க ஒண்ணும் செய்யல்ல, சும்மா இருக்கீங்க. அந்த அருவி ஓடுததுக்கே மொத்த சக்தியும் போகுது. பெட்டியத் தொட்டுப் பாருங்க, எப்பிடிச் சுடுது!"

அருவியை எடுத்துவிட்டு வெறும் நீல நிறத்தைப் போட்டான். பச்சைக் கோடு சரசரவென்று இறங்கி அடியில் படுத்தது. இத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்த பெட்டியின் விசிறியும் அடங்கியது. வெளியே மழை பெய்வதே அப்போதுதான் காதில் விழுந்தது.

நாகேஸ்வரன் ஒரு வரி அடித்துப் பார்த்தார். விரலோடு விரலாக எழுத்து ஓடி வந்தது. முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே கடுகடுத்தது.

"விஷ்ணு! இங்கே வா!"

மகள் விஷ்ணுப்ரியா வந்தாள். காலேஜில் கடைசி வருஷம். அந்தக் கம்ப்யூட்டரில் அவரைத் தவிர வேலை செய்கிற ஒரே ஆள்.

"நான் இல்லப்பா. மேகசின்ல குடுத்த சி.டி.யைப் போட்டு மொதல்ல வெச்சது நான்தான். பிரதீஷண்ணன் எடுத்தப்புறம் தொடவே இல்லை. சத்தியமா."

"பின்னே? அருவி தானா நடந்து வந்துதா?"

"திங்கக்கிழமை நான் ப்ராஜெக்ட் குடுக்கணும். எனக்கும்தானேப்பா ஸ்லோவா இருக்கு? நானே எதுக்குப் போடப்போறேன்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நாகேஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டால் நியாயம் வாசலோடு நின்றுவிடும்.

"பிரதீஷ், பாஸ்வேர்ட் போடு. எனக்கு மட்டும். இவ ப்ராஜெக்ட்டை எங்கேயாவது கடையில போய்ப் பண்ணிக்கட்டும்."

விஷ்ணுப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது.

"பாவம் சாரே, படிக்கிற பிள்ளையில்லா..." என்று இழுத்தான் பிரதீஷ்.

"நீ போடுடா!"

அடுக்களை வாசலில் நின்றிருந்த விஷ்ணுப்ரியாவின் அம்மா விஜயலக்ஷ்மி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வெளியாள் இருப்பதைப் பார்த்துவிட்டு, காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் மலர் முடிந்துவிட்டது. ஒரு நாள் முன்னதாகவே! நாகேஸ்வரனுக்குத் தரையில் கால் பாவவில்லை. முணுமுணுப்பாக ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். விஷ்ணுப்ரியா எதிரே முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுமட்டும் அவருக்கு உள்ளே குடைந்தது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை.

தட்டில் இட்லி விழுந்தது. சத்தத்தோடு விழுந்தது. பிய்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"என்ன விஜி இது?"

"மழை. மாவு பொங்கலை."

"ரெண்டு மாசமா மழைதான். நேத்திக்கு வரைக்கும் பூ மாதிரி இருந்துதே?"

விஜயலக்ஷ்மி மகளை ஒரு தடவை பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்திக்கு வரைக்கும் உங்க பெட்டி சுட்டுண்டிருந்தது. காலம்பற மாவுப் பாத்திரத்தை அதுக்குப் பின்னாடி வெச்சா, சாயங்காலத்துக்குள்ள பொங்கி நிக்கும். அருவி ஓடினாத்தான் பெட்டி சுடும்னு அந்தப் பிள்ளை மொத தடவையே சொன்னானே! அதான், அவன் எடுத்தப்புறம், நீங்க கோவிலுக்குப் போற நேரமாப் பாத்து நான் அந்த சி.டி.யைத் திரும்பப் போட்டு... குழந்தையை ஒண்ணும் சொல்லாதேங்கோ."

நாகேஸ்வரன் இட்லியை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"விஷ்ணு, பாஸ்வேர்ட் சொல்றேன், எழுதிக்கோ. உன் ப்ராஜெக்ட் முடிஞ்சதும் மறக்காம அந்த அருவியைப் போட்டுடு. ஏதாவது சந்தேகம்னா அம்மாவைக் கேளு."